நனைந்த முப்பத்தெட்டு

ஜூன் 15

கத்திரிக்கு,

சாமி கிருபையில நானும் மாமாவும் நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கியான்னு கேக்கணும்தான். ஆனா இன்னிக்குக் கேக்கற மனசு இல்ல, அதனால கேக்கல.

வியாழக்கிழமை காலையில உன்னை பஸ் ஏத்தி விட்டுட்டு, மத்தியானமே நாங்க கோயிலுக்குக் கிளம்பிட்டோம்னு உனக்குத் தெரியும். புது வேலையில நீ நல்லா இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டு வந்தேன். நேத்து சாயந்திரம் வந்து கதவைத் திறந்தா உன் ரூம்ல தண்ணி. ஜன்னல் பப்பரப்பான்னு திறந்து கிடக்கு. வெள்ளிக்கிழமை பேஞ்ச மழை மொத்தமும் உள்ள வந்திருக்கு. ஜன்னலுக்குக் கீழ என்ன இருக்குன்னு நான் சொல்லணுமா? என் படக்கதை புக்கு அலமாரி.

மேல் தட்டுல முப்பத்தெட்டு புக்கு. எல்லாம் நனைஞ்சு, அப்பளம் மாதிரி நெளிஞ்சு போச்சு. 'துப்பறியும் தையல்காரி' ஒண்ணுலேருந்து பதினாலு வரைக்கும் வரிசையா இருந்ததே, அத்தனையும் போச்சு. எட்டாங்கிளாஸோட நின்ன என்னை எழுத்துக் கூட்டிப் படிக்க வெச்சதே அந்தத் தையல்காரிதான். மாமா வாராவாரம் பஸ் ஸ்டாண்டு கடையிலேருந்து ஒண்ணொண்ணா வாங்கிட்டு வந்தது. ராத்திரி முழுக்க ஃபேனைப் போட்டு பாயில விரிச்சு வெச்சேன்.

அந்த ரூம்ல படுத்தவ நீ. கடைசியா வெளிய வந்தவ நீ. ஒரு ஜன்னலை மூடத் தெரியாதா? அப்பா அம்மா இல்லாத பிள்ளைன்னு ஆறு வயசுல தூக்கிட்டு வந்து வளர்த்ததுக்கு இதுதான் கைம்மாறா? மாமா, "அவ மூடியிருப்பா, நீ அவசரப்படாதே"ங்கறார். அப்ப யாரு திறந்தது, சாமியா இறங்கி வந்து திறந்துச்சு?

போன் பண்ணாதே. எடுக்க மாட்டேன். குரலைக் கேட்டா திட்டிடுவேன். உன்கிட்ட இருக்கற வீட்டுச் சாவியை அனுப்பிடு. கவனமில்லாத கைக்குச் சாவி எதுக்கு.

அத்தை


ஜூன் 20

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் ஃபோனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜன்னலை நான் மூடினேன். கொக்கி இறுக்கமாக இருந்தது. போடும்போது ஆள்காட்டி விரலை இடித்துக்கொண்டேன். நகம் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

புத்தகங்களைப் பற்றி மட்டும் பேசுவோம். நான் சேர்ந்திருக்கும் நூலகத்தில் என் வேலையே இதுதான்: நைந்துபோன, நனைந்துபோன காகிதங்களைச் சரிசெய்வது. எங்கள் பிரிவின் தலைவியிடம் உங்கள் புத்தகங்களைப் பற்றிச் சொன்னேன். "வெயிலில் காயவைத்துவிட்டாரா?" என்றுதான் முதலில் கேட்டார். ஃபேன் காற்றில் விரித்தது மிகச் சரி என்று உங்களைப் பாராட்டினார். நெளிந்த புத்தகத்தை வீட்டிலேயே அமுக்கி நேராக்கலாம் என்றார்.

மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுங்கள். அடியில் நனைத்துப் பிழிந்த பஞ்சு, அதன் மேல் கம்பி வலை, வலையின் மேல் புத்தகம். தண்ணீர் புத்தகத்தைத் தொடக்கூடாது, ஈரக்காற்று மட்டும் படவேண்டும். மூன்று மணி நேரத்தில் காகிதம் கொஞ்சம் இளகும். பிறகு எடுத்து, நடுப்பக்கத்தில் ஒரு மெல்லிய அட்டை செருகி, மேலும் கீழும் நான் அனுப்பும் வெள்ளைத்தாள் வைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வையுங்கள். மேலே நல்ல கனம். இரண்டு நாள் தொடவே கூடாது. எட்டிப் பார்க்கவும் கூடாது. உங்களைத்தான் சொல்கிறேன்.

தையலுக்கு வைத்திருக்கும் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கித் தேய்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம்.

அட்டையிலுள்ள அழுக்கைத் துடைக்க மெல்லிய ரப்பரும், ஒட்டிய தாளைப் பிரிக்க ஒரு தகடும் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு புத்தகமும் எந்த நிலையில் இருக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு அனுப்புங்கள். எதை நீங்களே சரிசெய்யலாம், எதைத் தொடாமல் விடவேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். பென்சிலில் மட்டும் எழுதுங்கள். புத்தகங்களுக்குப் பக்கத்தில் பேனாவே வேண்டாம்.

கத்திரி


ஜூன் 27

கத்திரிக்கு,

பார்சல் வந்துச்சு. சாவி வந்துச்சு. தையல் மெஷின் டிராயர்ல போட்டுட்டேன்.

உங்க ஆபீஸ் அம்மா என்னைப் பாராட்டினாங்கன்னு எழுதியிருந்தே. அந்த மகராசி நல்லா இருக்கணும். காலையில சாமி கும்பிடறப்ப அவங்களையும் சேர்த்துக்கிட்டேன். பேர் தெரியாததால 'ஆபீஸ் அம்மா'ன்னே சொன்னேன், சாமிக்குப் புரியும்.

நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். டப்பாவுக்கு மாமாவோட துணி டப்பா. அவர் சட்டையெல்லாம் இப்ப நாற்காலி மேல கிடக்கு. "என் சட்டையை விட தையல்காரி ஒசத்தியா"ன்னார். "சட்டை நனைஞ்சா காயும்"னேன். கனத்துக்கு என் பழைய கரி இஸ்திரிப்பெட்டி, அதுக்கு மேல மாமா. நிஜமா. முதல் நாள் பெட்டி கனம் போதலைன்னு தோணிச்சு. நாற்காலியைப் பலகை மேல போட்டு உக்காருங்கன்னேன். "இருபத்தெட்டு வருஷம் பஸ் சீட்டுல உக்காந்தேன், இப்ப புக்கு மேல உக்காரணுமா"ன்னு பொலம்பிக்கிட்டே பேப்பர் படிச்சு முடிக்கற வரைக்கும் உக்காந்தார்.

ரெண்டு நாள் பாக்கக்கூடாதுன்னே. ஒரு நாள் பாக்கல. ரெண்டாம் நாள் ஓரத்தை மட்டும் தூக்கிப் பாத்தேன். அது பாத்ததுல சேராது.

எடுத்தா என் கண்ணையே நம்ப முடியல. தையல்காரி மூணாம் நம்பர், இவ்வளவு நெளிஞ்சிருந்தது, தட்டுல வெச்ச மாதிரி படுத்துக்கிச்சு. கையெடுத்துக் கும்பிட்டேன். சாமியைத்தான். உன்னையும் கொஞ்சம்.

ஒண்ணு சொல்லிடறேன். 'ஒத்தை லாடம்' புக்கு ஒண்ணை அவசரத்துல தேய்ச்சுட்டேன். லேசான சூட்டுலதான். அட்டை மேல இருந்த பளபளப்பு உருகி இஸ்திரிப்பெட்டியோட வந்துடுச்சு. நடுவுல குத்தியிருந்த பின்னு அடுத்த மூணு பக்கத்துலயும் தடம் போட்டுடுச்சு. குதிரை மேல வர்றவன் மூஞ்சியில இப்ப பின்னு தழும்பு. வேண்டாம்னு நீ எழுதியிருந்தே. எழுதினதாலதான் தோணிச்சோ என்னவோ.

மார்க்கு லிஸ்ட் இதோட இருக்கு. நான் ஒரு கட்டம் சேர்த்திருக்கேன். மார்க்கு குறைஞ்சா ஏன் குறைஞ்சதுன்னு தெரிய வேணாமா? அதனால 'காரணம்'னு ஒரு கட்டம். யாரால ஆச்சோ அவங்க பேரு. டீ டம்ளர் வெச்ச வட்டத்துக்கு மாமா. தேய்ச்சதுக்கு அத்தை, மறைக்கல. ஈரத்துக்கு யாருன்னு நீயே பாத்துக்கோ.

அத்தை


ஜூலை 3

அன்புள்ள அத்தைக்கு,

லிஸ்ட்டைப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். நீங்கள் திருத்துவதற்காக அதையே திருப்பி அனுப்புகிறேன்.

முதலில் மதிப்பெண். இருபத்தேழு புத்தகங்களுக்கு ஒன்பது போட்டிருக்கிறீர்கள். ஒன்பது என்றால் கடையிலிருந்து வாங்கி யாரும் சரியாகத் திறந்துகூடப் பார்க்காத புத்தகம். மீதிக்கு ஏன் நான்கு என்று பார்த்தால், ஓரத்தில் 'இதில் வரும் தம்பி அம்மாவிடம் பொய் சொல்கிறான்' என்று குறிப்பு. கதைக்கு மதிப்பெண் இல்லை அத்தை. காகிதத்துக்கு மட்டும்தான். முதுகு நேராக இருக்கிறதா, மூலை மடங்கியிருக்கிறதா, பின் துருப்பிடித்திருக்கிறதா, தாள் வெள்ளையா பழுப்பா, இவ்வளவுதான். மடிப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே மை உடைந்துவிட்டது என்று அர்த்தம். அமுக்கினால் மடிப்பு போகும், கோடு போகாது. அதற்குத் தாட்சண்யம் பார்க்காமல் குறைத்துவிடுங்கள். பிடித்த புத்தகம் என்பதற்காக ஒரு மதிப்பெண்கூட ஏற்றக்கூடாது.

அடுத்து அந்தக் கட்டம். முப்பத்தெட்டு முறை என் பெயர். உங்கள் குண்டுக் கையெழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக.

நான் இருக்கும் வாடகை அறைக்கு ஜன்னலே கிடையாது. படுத்துக்கொண்டு அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். பையை எடுத்தேன், கொக்கியைப் போட்டேன், விரல் இடித்தது. இல்லை, விரல் இடித்தது கதவிலா? யோசிக்க யோசிக்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் மூடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மன்னித்துவிடுங்கள். முப்பத்தெட்டு புத்தகங்களைவிட நீங்கள் ஃபோனை எடுக்காததுதான் எனக்குப் பெரிதாக இருக்கிறது.

ஆறு வயதில் தூக்கிவந்ததற்குக் கைம்மாறு கேட்டிருந்தீர்கள். இங்கே முதல் வாரம் ஒரு பழைய வரைபடத்தைத் துடைக்கச் சொன்னார்கள். என் கையைப் பார்த்துவிட்டுத் தலைவி, "இவ்வளவு பொறுமையாகத் துணியைப் பிடிக்க யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். "எங்க அத்தை தையல்காரங்க" என்றேன். அது கைம்மாறு ஆகாதுதான். நடந்ததைச் சொல்கிறேன்.

கத்திரி


ஜூலை 9

என் கண்ணு கத்திரிக்கு,

ஒத்துக்கிட்டே பாரு, அது போதும். நானும் மன்னிச்சுட்டேன். சாமி முன்னால நின்னு, 'அவ பிள்ளை, தப்பை ஒத்துக்கிட்டா, என் மனசுலயும் ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லிட்டேன். மனசு லேசாயிடுச்சு. லெட்டரை மாமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவர் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார். "வெச்சுக்கோங்கன்னுதானே எழுதியிருக்கா, செஞ்சேன்னு எங்க எழுதியிருக்கா"ன்னு கேக்கறார். பஸ் ஓட்டினவர் வக்கீல் மாதிரி பேசறார்.

மார்க்கெல்லாம் திருத்திட்டேன். இப்ப நான் கறார். கண்ணாடியைப் போட்டு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சுப் பாத்தா எத்தனை வெள்ளைக் கோடு. கண்ணே, ஒரு புக்கு ஒன்பது வாங்கறது இவ்வளவு கஷ்டம்னு தெரியாமப் போச்சே. இப்ப நாலும் அஞ்சுமாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணுக்கு ஏழு. அதை நான் படிச்சதே இல்ல, அட்டையில பேய் இருந்துச்சு.

பிறத்தியாரைக் கேட்டா, வயசான காலத்துல படக்கதையை அமுக்கி மார்க்குப் போட்டுட்டு உக்காந்திருக்கான்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். இந்த மூணு வாரம் எனக்கு எப்படிப் போச்சுன்னு தெரியுமா? நீ போன வீட்டுல கை வேலையா இருந்தது. உங்க ஆபீஸ் அம்மாவுக்கும் உனக்கும் தினம் நன்றி சொல்றேன்.

முப்பத்தேழு முடிஞ்சுது. ஒண்ணு பாக்கி. தையல்காரி ஏழாம் நம்பர். உனக்கு ஞாபகம் இருக்கும், நம்ம வீட்டுக்கு வந்த மொத வாரம், என் துணி கத்திரியை எடுத்து பதினெட்டாம் பக்கத்துல தையல்காரி படத்தை வெட்டி எடுத்தியே, கேட்டா "எனக்குத் தூங்கறப்ப பக்கத்துல ஆள் வேணும்"ன்னியே, அந்த புக்கு. அன்னிக்குத்தான் கத்திரின்னு பேரு வெச்சேன். அது நடுவுல பத்து பக்கம் ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. பிய்ச்சா கிழியும். எப்படிப் பிரிக்கறது, எழுது.

அத்தை


ஜூலை 14

அன்புள்ள அத்தைக்கு,

'என் கண்ணு' என்று எழுதியிருந்தீர்கள். சாயந்திரம் வரை அந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஏழாம் எண்ணை ஈரக்காற்று டப்பாவில் ஒரு இரவு முழுவதும் வையுங்கள். காலையில் எடுத்ததும், காய்வதற்குள், மூலையிலிருந்து தகட்டை நுழையுங்கள். படுக்கைவாட்டமாக, கிட்டத்தட்ட தள்ளாமலே. இழுக்காதீர்கள். போகவில்லை என்றால் மறுபடி டப்பா. உள்ளே ஏதாவது தாளோ சீட்டோ இருந்தால் அதுதான் பசைபோலப் பிடித்துக்கொண்டிருக்கும். முதலில் அதை எடுத்துவிட்டால் மற்றது தானே விடும்.

பக்கம் வெட்டுப்பட்ட புத்தகத்துக்கு, மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அரை மதிப்பெண்தான். அதற்குக் காரணம் கத்திரி என்று தாராளமாக எழுதலாம். அது நிச்சயமாக நான்தான்.

கத்திரி


ஜூலை 21

என் செல்லக் கத்திரிக்கு,

இது நாலாவது லெட்டர். மூணைக் கிழிச்சுட்டேன். முதல் லெட்டர்ல சாமியைப் பத்தியே ரெண்டு பக்கம் எழுதி, சொல்ல வந்ததைச் சொல்லாம முடிச்சுட்டேன். மாமா, "நேரா சொல்லு"ன்னார். நேரா சொல்றேன்.

ஜன்னலைத் திறந்தது நான்.

நீ சொன்ன மாதிரியே ஏழாம் நம்பரை ராத்திரி டப்பாவுல வெச்சு காலையில தகட்டை விட்டேன். அரை மணி நேரம், மூச்சு விடாம. பதினெட்டாம் பக்கத்துகிட்ட ஒரு சின்னத் தாள் ஒட்டிக்கிட்டு இருந்தது. காலண்டர் தாள். நான் படிச்ச இடத்துல காலண்டர் தாளைத்தான் அடையாளம் வைப்பேன்னு உனக்குத் தெரியும். மெதுவா எடுத்து வெளிச்சத்துல பாத்தேன். ஜூன் 11, புதன்கிழமை.

புதன்னு பாத்ததும் நிம்மதியாத்தான் இருந்தது. நீ கிளம்பினது வியாழன். புதன்கிழமை நான் படிச்சிருந்தா என்ன, அது ஒரு தப்பில்லையே. தாளைக் குப்பையில போடப் போனேன். அப்பத்தான் கை நின்னுச்சு. காலண்டர்ல நான் கிழிக்கறது முந்தின நாள் தாளைத்தானே. காலையில சாமி கும்பிட்டுட்டு நேத்து தாளைக் கிழிச்சாத்தான் இன்னிக்குத் தேதி தெரியும். புதன் தாளைக் கிழிச்சது வியாழக்கிழமை காலையில. அன்னிக்கு உன்னை பஸ் ஏத்தி விட்டுட்டு வந்துதான் சாமியே கும்பிட்டேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. சாமி கும்பிட்டுட்டு உன் ரூமுக்குப் போனேன். கரண்ட் இல்ல. உன் கட்டில்ல உக்காந்தேன். படுக்கையை மடிச்சு வெச்சிருந்தே, அதைப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் அந்த ஏழாம் நம்பரை எடுத்தேன். வெட்டின ஓட்டையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கலாம்னு. இருட்டா இருந்தது, ஜன்னலைத் திறந்தேன். கொக்கி அவ்வளவு இறுக்கம், ரெண்டு கையால தள்ளினேன். நீ போட்ட கொக்கி. அந்நேரம் மாமா வாசல்லேருந்து "பஸ் போயிடும், வர்றியா இல்லியா"ன்னு கத்தினார். தாளை வெச்சேன், புக்கை மேல் தட்டுல செருகினேன், ஓடினேன்.

இன்னொண்ணும் ஞாபகம் வருது. பஸ்ல ஏறறப்ப நீ விரலை வாயில வெச்சுக்கிட்டே இருந்தே. "சின்னப் பிள்ளையா நீ"ன்னு கேட்டேன். சிரிச்சே. ஏன்னு நான் கேக்கலை.

அந்தத் தாள் என்னைத் தவிர யாருக்கும் ஒண்ணும் சொல்லாது. மாமாகிட்டக் காட்டியிருந்தாக்கூட புதன்னுதான் படிச்சிருப்பார். நீயே ஒத்துக்கிட்டே, நானும் மன்னிச்சேன்னு சாமிகிட்டச் சொல்லி முடிச்சாச்சு. அப்படியே விட்டிருக்கலாம். ஒரு பகல் பூரா விட்டுத்தான் வெச்சிருந்தேன். சாயந்திரம் விளக்கேத்தப் போனா தீக்குச்சி பத்த மாட்டேங்குது. குச்சி நமத்திருக்கும், மழைக்காலம். ஆனா நான் விளக்கை ஏத்தாமலே வந்துட்டேன். உன்னை மன்னிச்சுட்டேன்னு அந்த இடத்துல நின்னு பெருமையாச் சொன்னவ நான். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கறது.

லிஸ்ட்டை எடுத்தேன். நீ அனுப்பின ரப்பரை எடுத்தேன். காரணக் கட்டத்துல கத்திரி, கத்திரி, கத்திரின்னு முப்பத்தெட்டு தடவை. ஒவ்வொண்ணா அழிச்சேன். அட்டையில அழுக்குத் துடைக்கற மாதிரி மெதுவா, பேப்பர் கிழியாம. அழிச்சப்புறமும் சாய்ச்சுப் பாத்தா அழுத்தி எழுதின தடம் தெரியுது. கோவத்துல எழுதினது, அழுத்தித்தான் எழுதியிருக்கேன். நீ சொன்னியே, கோடு போகாதுன்னு. அதைப் பாக்கறப்பவெல்லாம் எனக்கு உறைக்கட்டும்.

அப்புறம் பேனாவை எடுத்தேன். பேனா கூடாதுன்னு நீ சொல்லியிருக்கே. அதனால புக்கெல்லாத்தையும் அடுத்த ரூம்ல வெச்சு, கதவைச் சாத்திட்டு வந்து எழுதினேன். அத்தை, அத்தைன்னு முப்பத்தெட்டு. ஏழாம் நம்பருக்கு அரை மார்க்கு. காரணம்: ஈரம், அத்தை. வெட்டு, கத்திரி. அது ஒண்ணு மட்டும் உன் பேருல இருக்கட்டும், நீயே கேட்டே.

ஆறு வயசுல தூக்கிட்டு வந்ததைச் சொல்லிக் காட்டினேன் பாரு, அதுக்கு எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு எனக்குத் தெரியல. கைம்மாறு கேட்டேன். உங்க ஆபீஸ் அம்மாகிட்ட எங்க அத்தை தையல்காரங்கன்னு நீ சொன்னதை நான் எத்தனை தடவை படிச்சேன்னு மாமாவைக் கேளு. நான் திட்டி எழுதினேன், நீ வெள்ளைத்தாளும் ரப்பரும் அனுப்பினே. செய்யாத தப்பை ஏத்துக்கிட்டே. இதுக்கெல்லாம் சாமிக்கு நன்றி சொல்லி முடியாது, உனக்குத்தான் சொல்லணும். கும்பிட்டுச் சொல்றேன்னா நீ வேண்டாம்பே. சும்மா சொல்றேன்.

இனிமே போன் பண்ணு. முதல் மணியிலயே எடுப்பேன். அழுவேன், கண்டுக்காதே.

லீவு எப்பக் குடுப்பாங்க? வர்றப்ப நான் வீட்டுல இருந்தாலும் நீயே திறந்துக்கிட்டு வா. ஏழாம் நம்பரையும் உனக்கே அனுப்பறேன். உன் ரூமுக்கு ஜன்னல் இல்லன்னே, பக்கத்துல ஆள் இருக்கட்டும். நாலு நாள் அமுக்கி வெச்சேன், இந்தத் தடவை ஓரத்தைக்கூடத் தூக்கிப் பாக்கல.

சாவியை முதல்ல புக்குக்குள்ளதான் வெச்சேன். அப்புறம் எடுத்துட்டேன். தடம் விழும். தனி உறையில இருக்கு, பாத்து எடு.

அத்தை